பரணிலிருந்து இறங்கிய காமிரா

மேற்கு மாம்பலத்தில் சற்றே பழைய வீடு எதிலேனும் நுழைந்து பாருங்கள். கூடத்துச் சுவரிலே பாட்டனாரும் பாட்டியாரும் நாற்காலிகளில் விறைப்பாக உட்கார்ந்து நம்மை நோக்குவார்கள். புடைவைக் கரையின் இழைகூடத் தெரியும். அப்படங்களை எடுத்தது முக்காலியின் மேல் நின்ற மரக் காமிரா. இன்று அத்தகைய காமிராக்கள் பரணில் தூசி படிந்து கிடக்கின்றன. அல்லது காப்பிக் கடைகளில் அலங்காரப் பொருளாக நிற்கின்றன. இது நமக்குச் சம்மதமில்லை; ஏனெனில் அவற்றிற் பல இன்னும் படம் எடுக்க வல்லவை.

அவை யாவும் சீமைச் சரக்கு என்று எண்ணவேண்டாம். ஆலப்புழையில் வாத்தியங்களைப் பழுது பார்த்து வந்த ஒரு குடும்பத்தாரிடம், புகைப்படக்காரர் ஒருவர் தம் காமிராவின் கிழிந்த துருத்தியைக் கொண்டுவந்தார். ஆர்மோனியத்தின் துருத்தியை அறிந்த கைக்குக் காமிராவின் துருத்தி எம்மாத்திரம்? அக்குடும்பத்துக் கருணாகரன் என்பவர் 1940-களில் முழுக் காமிராவையே செய்யத் தொடங்கினார். அதுவே 'வாகீசுவரி' காமிரா. லென்ஸ் மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தது. மற்றவை நம்மவர் கைவேலை.

பழைய காமிரா ஒன்றை வாங்குவோர் முதலில் சோதிக்க வேண்டியது அந்தத் துருத்தியைத்தான். இரவில் விளக்கை அணைத்து, துருத்தியை முழுதும் நீட்டி, உள்ளே ஒரு டார்ச்சை வைத்துப் பாருங்கள். மடிப்புகளின் மூலைகளில் நட்சத்திரங்கள் மினுக்கினால் அத்தனையும் ஓட்டைகள். மெல்லிய கறுப்புத் துணியை வளையக்கூடிய பசையால் ஒட்டலாம். தடித்த தோலை ஒட்டினால் துருத்தி மடங்காது. மின்சாரக்காரரின் ஒட்டுநாடாவோ நம் ஊர் வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும்.

அடுத்தது, பிம்பம் தலைகீழாக விழும் மங்கல் கண்ணாடி. அதன் சொரசொரப்பான பக்கம் லென்ஸை நோக்கியிருக்க வேண்டும். கண்ணாடி உடைந்து மாற்றியவர்கள் திருப்பிப் பொருத்தியிருப்பதுண்டு; அப்போது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது படத்தில் மங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஓர் அளவுகோலைச் சாய்வாக வைத்து, நடுக்கோட்டைத் தெளிவாக்கிப் படமெடுங்கள். நடுக்கோட்டைவிட அருகிலுள்ள கோடு தெளிவாக விழுந்தால், பிலிம் கண்ணாடியைவிடப் பின்னால் இருக்கிறது என்று பொருள். கண்ணாடியின் கீழ் காகிதத் துண்டுகளைச் செருகி அதைப் பின்னுக்குத் தள்ளலாம். தூரத்துக் கோடு தெளிந்தால் கண்ணாடி முன்னால் வரவேண்டும். அதற்கு மரத்தைச் செதுக்க நேரும். அந்த வேலையை நல்ல தச்சரிடம் விடுவதே உத்தமம்.

மாம்பலத்தின் கொசுக்களை லோகம் அறியும். ஆனால் காமிராவுக்குச் சத்துரு ஈரம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இப்பகுதித் தெருக்கள் பலவற்றில் நீர் புகுந்ததை யாரும் மறக்கவில்லை. வெள்ளமில்லாத ஐப்பசியிலும் லென்ஸில் பூசணம் சிலந்திவலை போலப் பரவும். தோல் பை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; ஆதலால் லென்ஸைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைக்கவேண்டும். ஷட்டர் மெதுவாக ஓடுகிறதென்று எண்ணெய் விடுவது மகா பாவம். எண்ணெய் தகடுகளில் பரவி அவற்றை ஒட்டிக்கொள்ளச் செய்யும்.

ஷட்டரே இல்லாவிட்டால்? மூடியைக் கையால் எடுத்து மூடிய காலமும் உண்டு. இக்காலத்துப் பிலிம் அதற்கு மிகவும் வேகமானது, விலையும் அதிகம். பிலிமுக்குப் பதிலாகப் படம் அச்சிடும் காகிதத்தையே உறையில் வைத்துப் பாருங்கள். அதன் வேகம் ஏறக்குறைய 6 தான். நல்ல வெயிலில் லென்ஸின் துவாரத்தை 32-க்குச் சுருக்கினால் முக்கால் வினாடி கிடைக்கும்; கை அதற்குப் பழகிவிடும். சிவப்பு விளக்கிலேயே கழுவலாம். மதுரையையும் தஞ்சாவூரையும் 1858-இல் படம் பிடித்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி காகித நெகட்டிவ்களைத்தான் பயன்படுத்தினார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்களை அவர் துண்டு துண்டாக எடுத்து இணைத்த படம் ஏறத்தாழ 19 அடி நீளம்.