பாடம் கேட்ட கதை – 9
காதுக்குக் கால் பங்கு, வாய்க்கு அரைப் பங்கு

காலை எட்டு மணிக்கு மேல் வீரகேரளம்புதூரிலிருந்து சுரண்டை போகும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். காமராஜர் அரசு கலைக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளில் பலர் காதில் ஒயரோடுதான் இருப்பார்கள். பாட்டு கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். செமஸ்டர் நெருங்கிவிட்டால் அது பாட்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. கூடப் படிக்கிற ஒருத்தி நோட்டைப் பார்த்து வாசித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவாகவும் இருக்கும். நடுவில் கோழி கூவும். அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்கும். பாடம் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும்.

அதற்கு அவர்கள் வைக்காத பெயர்தான் பாட்காஸ்ட். அந்தச் சொல்லை 2004 பிப்ரவரியில் பென் ஹேமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் இங்கிலாந்தின் 'கார்டியன்' நாளிதழில் முதன்முதலாக எழுதினார். அதே மாதம் முதல் தேதி, சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் தன் வளாகத்திலிருந்து 'அண்ணா எஃப்.எம்.' ஒலிபரப்பைத் தொடங்கியது. இந்தியாவில் ஒரு கல்வி வளாகத்தில் எழுந்த முதல் சமுதாய வானொலி அது. இரண்டுக்கும் பயன் ஒன்றுதான். ஆனால் சமுதாய வானொலியின் அலை கோபுரத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டரோடு நின்றுவிடும். ஒலிபரப்பும் நேரத்தில் காத்திருந்தால்தான் கேட்கலாம். பாட்காஸ்ட் நமக்காகக் காத்திருக்கும். நிறுத்தலாம், திருப்பலாம், மறுபடி கேட்கலாம்.

இது புதுசு என்று யாராவது சொன்னால், நம் மொழியையே சாட்சிக்குக் கூப்பிடலாம். பாடம் 'படித்தேன்' என்று பழைய புலவர்கள் சொன்னதில்லை. 'பாடம் கேட்டேன்' என்றுதான் சொன்னார்கள். இந்த வீரகேரளம்புதூர் ஊற்றுமலை ஜமீனின் அரண்மனை இருந்த ஊர். ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் வாழ்ந்த சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், திருவாவடுதுறை மடத்தில் உ.வே.சாமிநாதையரிடம் பாடம் கேட்டவர். அவர் கழுகுமலை முருகன்மேல் பாடிய காவடிச் சிந்து, ஏட்டைப் பார்த்துப் படித்தவர்களால் மட்டும் பரவியதல்ல. காவடி தூக்கியவர்கள் வாய்வழி, பக்கத்தில் நடந்தவர்கள் காதுவழி ஊர் ஊராகப் போனது.

காதால் படிக்க இந்த வட்டாரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தென்காசி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் பெண்கள் இருக்கிறார்கள். கல்லூரி விட்டு வந்து, சுளகை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவுக்குக் கைகொடுக்கும் பிள்ளைகள் ஏராளம். கை இலையிலும் தூளிலும் நூலிலும் இருக்கும். கண்ணும் அங்கேயே இருக்க வேண்டும். புத்தகத்தைப் பிரிக்க வழியில்லை. காது மட்டும் சும்மா இருக்கிறது.

அந்தச் சும்மா இருக்கும் காதை உலகம் முன்பே கண்டுபிடித்துவிட்டது. கியூபாவின் ஹவானாவில் 1865 முதல் சுருட்டுத் தொழிற்சாலைகளில், தொழிலாளர் சுருட்டு உருட்டும்போது ஒருவர் மேடையில் உட்கார்ந்து நாளிதழும் நாவலும் வாசித்துக்காட்டினார். அவருக்குக் கூலி தொழிலாளர்களே கொடுத்தார்கள். செங்கோட்டை தாண்டினால் வருகிற கேரளத்தில், கண்ணூர்ப் பக்கத்துப் பீடிக் கூடங்களிலும் இதே வழக்கம் இருந்தது. ஒருவர் பத்திரிகை வாசிப்பார். அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கிட்டுச் சுற்றிக் கொடுப்பார்கள். அங்கே கூடம் இருந்தது. இங்கே அவரவர் திண்ணைதான். திண்ணைக்கு வாசிப்பவரை அனுப்ப முடியாது, ஒலிப்பதிவை அனுப்பலாம்.

ஆக, பேராசிரியர்கள் தங்கள் விரிவுரையைப் பதிவு செய்து அனுப்பினால் வேலை முடிந்துவிடுமா? முடியாது. இந்த வாரத்துச் செய்தியே இதுதான்.

2004 ஆகஸ்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் முதலாண்டு மாணவர்கள் 1,600-க்கும் மேற்பட்டோருக்கு ஐபாட் கருவியை இலவசமாகக் கொடுத்தது. கூடவே, குரல் பதிவு செய்யும் சிறு இணைப்பும் கொடுத்தது. ஓராண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது, மாணவர்களையும் ஆசிரியர்களையும் அதிகம் ஈர்த்தது கேட்கும் வசதி அல்ல, பதிவு செய்யும் வசதி என்று தெரிந்தது. பாட்டுக் கேட்கப் பிறந்த கருவி அது. பிள்ளைகள் அதில் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

பவணந்தி முனிவர் இதை டியூக்குக்கு எண்ணூறு ஆண்டு முன்பே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். நன்னூல் பொதுப்பாயிரத்தில், பாடம் கேட்கும் முறையைச் சொல்லும் பகுதியில் அந்தக் கணக்கு வருகிறது. ஒரு பாடத்தை இரண்டு தரம் கேட்டால் பிழை குறையும். மூன்று தரம் கேட்டால் முறையாக எடுத்துச் சொல்லவே வரும். இதுவரை பாட்காஸ்டுக்குச் சாதகமான தீர்ப்பு. அடுத்து வருவதுதான் விஷயம். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் கிடைக்கும். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும்.

பஸ்ஸில் கேட்டுக்கொண்டு போகிற பிள்ளைக்குக் கால் பங்கு. ராத்திரி உட்கார்ந்து வாசித்து அனுப்பினாளே, அவளுக்குத்தான் அரைப் பங்கு. நம் கல்லூரிகள் இதுவரை கால் பங்கைத்தான் கவனித்துக்கொண்டிருக்கின்றன.

அதனால் அசைன்மென்ட் என்று பத்துப் பக்கம் பார்த்து எழுதச் சொல்வதற்குப் பதிலாக, பத்து நிமிடம் பேசச் சொல்லலாம். எல்லாப் பாடத்துக்கும் இது ஒத்துவராது. வரலாறு, இலக்கியம், பொருளாதாரம், அரசியல், மொழிப்பாடம் ஆகியவை காதுக்கு இசையும். சமன்பாடும் வேதிக்கட்டமைப்பும் வரைபடமும் கரும்பலகையில்தான் நிற்கும். ஆங்கில வழியில் படிக்கிற முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, கலைச்சொல்லை ஆங்கிலத்தில் சொல்லி விளக்கத்தை நம்மூர்த் தமிழில் தருகிற ஒரு தோழியின் குரல் பெரிய துணை. பார்வையற்ற மாணவருக்கும் இது உதவும். காது கேளாதவரை விட்டுவிடக் கூடாது என்பதால், பேசியதன் எழுத்து வடிவமும் கூடவே போக வேண்டும்.

செலவு? கையில் இருக்கிற செல்போனே போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் எதிரே உட்கார்ந்து பேசினால் எதிரொலி அடங்கும். போன் வாய்க்கு நேராக இல்லாமல் ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். சாரல் காலத்தில் ஜன்னலைச் சாத்திவிடுங்கள். தென்காசிக் காற்று பாடத்தை விழுங்கிவிடும். முழுவதையும் எழுதி வைத்து வாசிக்காமல், குறிப்பை வைத்துக்கொண்டு பேச வேண்டும். பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் தரம் போதும்; பத்து நிமிடப் பதிவு 5 எம்.பி.க்குள் அடங்கிவிடும். அனுப்புவதற்கு முன் ஆசிரியர் ஒருமுறை கேட்டுத் திருத்துவது கட்டாயம். தப்பான பாடமும் மூன்று தரம் கேட்டால் மனதில் பதிந்துவிடும்.

பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த செமஸ்டரில் ஒரே ஒரு பாடத்தில், ஒரே ஒரு அலகை மாணவர் கையில் கொடுங்கள். ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து ஆளுக்கொரு தலைப்பைப் பேசட்டும். அக மதிப்பீட்டில் அதற்கு மதிப்பெண் போடுங்கள். பின்பெஞ்சில் வாயே திறக்காத பிள்ளை, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போனிடம் எப்படிப் பேசுகிறாள் என்று கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

(தொடரும்)