அழிக்காமல் திருத்துவது எப்படி?

மதுரையில் காளவாசல் என்றொரு நாற்சந்தி இருக்கிறது. அங்கிருந்து மேற்கே தேனிக்குச் சாலை போகிறது. நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்று ஊர்கள் வரிசையாக வரும். 1980ஆம் ஆண்டில் இந்த வழியே தேனிக்கு, ஏன், அதையும் தாண்டிக் கம்பத்துக்குப் போனாலும் நீங்கள் மதுரை மாவட்டத்தை விட்டு வெளியேறியிருக்க மாட்டீர்கள். இன்றோ உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் இடையிலேயே தேனி மாவட்டம் தொடங்கிவிடுகிறது.

ஊர்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஊர்ப் பெயருக்கு எதிரே எழுதும் மாவட்டத்தின் பெயர்தான் மாறிவிட்டது. 1985இல் மதுரை மாவட்டத்திலிருந்து திண்டுக்கல் பகுதி பிரிந்து தனி மாவட்டம் ஆயிற்று. 1996இல் தேனிப் பகுதி பிரிந்தது.

இந்த மாற்றங்களை ஒரு கணிப்பொறியில் பதிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பழைய பெயரை அழித்துப் புதிய பெயரை எழுதினால் போதும் என்று தோன்றுகிறது அல்லவா? அது அவ்வளவு எளிதன்று. ஏன் என்று பார்ப்போம்.

சாவியும் மதிப்பும்

ஏழு ஊர்களை மட்டும் அகர வரிசையில் எடுத்துக்கொள்வோம்: உசிலம்பட்டி, கம்பம், திண்டுக்கல், தேனி, பழனி, மதுரை, மேலூர். ஒவ்வோர் ஊருக்கும் எதிரே அதன் மாவட்டத்தை எழுதுங்கள். 1980ஆம் ஆண்டுப் பட்டியலில் ஏழுக்கும் எதிரே ‘மதுரை’ என்றே வரும்.

இத்தகைய பட்டியலில் எதைக் கொண்டு தேடுகிறோமோ அதற்குச் ‘சாவி’ என்று பெயர். தேடிக் கிடைப்பது ‘மதிப்பு’. இங்கே ஊர் சாவி, மாவட்டம் மதிப்பு. உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டில் வரிசை எண் சாவி, மாணவர் பெயர் மதிப்பு. அகராதியில் சொல் சாவி, பொருள் மதிப்பு.

‘இருந்தால்’ என்ற ஒரு சொல்

1996ஆம் ஆண்டு மாற்றத்தைக் கணிப்பொறிக்கு ஒரு விதியாகச் சொல்லுவோம்: “தேனி, கம்பம் ஆகிய சாவிகளைப் பார். மதிப்பு ‘மதுரை’ என்று இருந்தால் ‘தேனி’ என்று ஆக்கு. வேறு ஏதாவது இருந்தால் தொடாதே.”

‘இருந்தால்’ என்ற நிபந்தனை எதற்கு? தட்டச்சு செய்தவர் கைதவறி 1996ஆம் ஆண்டுப் பட்டியலில் பழனியையும் சேர்த்துவிட்டார் என்று கொள்ளுங்கள். பழனியின் மதிப்பு 1985லேயே ‘திண்டுக்கல்’ ஆகிவிட்டது. நிபந்தனை பொருந்தாததால் விதி அதைத் தொடாது. அதேபோல, யாராவது மறந்துபோய் விதியை இரண்டாம் முறை இயக்கினாலும் கேடில்லை. முதல் முறையிலேயே ‘தேனி’ ஆகிவிட்ட மதிப்பு அப்படியே நிற்கும்.

ஆக, ஒரு சாவியை எடுத்துக்கொண்டால் மூன்று நிலைகள் உண்டு. சாவி இருக்கிறது, நிபந்தனையும் பொருந்துகிறது. சாவி இருக்கிறது, நிபந்தனை பொருந்தவில்லை. சாவியே பட்டியலில் இல்லை. மூன்றுக்கும் விடை சொல்லாத விதி அரைகுறை விதி. புரோகிராம்களில் வரும் பிழைகளில் பல, மூன்றாவது நிலையை மறப்பதால் வருபவை.

பச்சைக் கல்லும் சுட்ட கல்லும்

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். 1980இல் தேனியில் பிறந்த ஒருவரின் பிறப்புச் சான்றிதழில் ‘மதுரை மாவட்டம்’ என்று இருக்கும். 2000இல் அதே ஊரில் பிறந்தவரின் சான்றிதழில் ‘தேனி மாவட்டம்’ என்று இருக்கும். இரண்டும் உண்மையே. ஆனால் கணிப்பொறியில் பழைய மதிப்பின் மேலேயே புதிய மதிப்பை எழுதிவிட்டால், முதலாமவரின் சான்றிதழைச் சரிபார்க்கும்போது அது தவறு என்றல்லவா விடை வரும்? தவறு அவருடையதன்று, சிலேட்டைத் துடைத்துவிட்டு எழுதியதுபோல எழுதிய நம் முறையினுடையது.

இதற்குத் தீர்வு காளவாசல் என்ற பெயரிலேயே இருக்கிறது! காளவாசல் என்றால் செங்கல்லோ சுண்ணாம்போ சுடும் சூளை. அறுத்து வைத்த பச்சைக் கல்லைக் குழைத்து மறுபடியும் வேறு கல்லாக அறுக்கலாம். சூளையில் வெந்து வந்த கல்லை அப்படிச் செய்ய முடியாது. வேறு வடிவம் வேண்டுமானால் வேறு கல்தான் செய்ய வேண்டும். முதல் கல் முதல் கல்லாகவே இருக்கும்.

மதிப்புகளைச் சுட்ட கல்லாகக் கருதும் கணிப்பொறி மொழிகள் உண்டு. அவற்றைச் ‘சார்பு மொழிகள்’ என்கிறோம். கணக்குப் பாடத்தில் சார்பு படித்திருப்பீர்கள். ‘ஒன்றைக் கூட்டு’ என்ற சார்பில் 5ஐ இட்டால் 6 வருகிறது. அதனால் 5 என்ற எண் மறைந்துவிட்டதா என்ன? சார்பு மொழியில் பட்டியலைத் திருத்துவதும் இப்படியே. பழைய பட்டியலைச் சார்பில் இட்டால் புதிய பட்டியல் வெளிவரும். பழையது பழையதாகவே இருக்கும்.

1990இல் முதல் வரையறை வெளிவந்த ‘ஹாஸ்கெல்’ இவ்வகை மொழிகளில் புகழ்பெற்றது. ஹாஸ்கெல் கரி என்ற அமெரிக்கத் தருக்கவியல் அறிஞரின் பெயரை இதற்குச் சூட்டினார்கள். இம்மொழியில் சாவி-மதிப்புப் பட்டியலுக்கு ‘மேப்’ என்று பெயர். அதைத் திருத்தப் பல சார்புகள் உள்ளன. ‘அட்ஜஸ்ட்’ என்பது, சாவி இருந்தால் அதன் மதிப்பின்மேல் நம் விதியைச் செலுத்தும். இல்லாவிட்டால் பட்டியலை மாற்றாமல் தரும். ‘ஆல்ட்டர்’ என்பது, சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் விதியிடம் கேட்கும். சாவி இருந்தால் ‘ஜஸ்ட் மதுரை’ என்று மதிப்போடு கொடுக்கும். இல்லாவிட்டால் ‘நத்திங்’, அதாவது ஒன்றுமில்லை, என்று சொல்லும். விதியும் அதே முறையில் விடை தர வேண்டும். விதி ‘நத்திங்’ என்றால் புதிய பட்டியலில் அந்தச் சாவி இராது. மூன்றாவது நிலையை நாம் மறந்துவிடாமல் மொழியே நினைவூட்டுகிறது, பாருங்கள்.

முழுவதையும் நகல் எடுக்க வேண்டுமா?

உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம். ஒரே ஓர் ஊரை மாற்றுவதற்குப் பட்டியல் முழுவதையும் நகல் எடுப்பதா? பத்து லட்சம் சாவிகள் இருந்தால் என்ன ஆவது?

ஒரு தாளில் ஏழு ஊர்களையும் மரம்போல வரையுங்கள். உச்சியில் நடு ஊரான தேனி. அதன் இடக்கிளையில் கம்பம், வலக்கிளையில் மதுரை. கம்பத்தின் கீழே இடப்புறம் உசிலம்பட்டி, வலப்புறம் திண்டுக்கல். மதுரையின் கீழே இடப்புறம் பழனி, வலப்புறம் மேலூர். எந்தக் கட்டத்தில் நின்றாலும் அகர வரிசையில் முந்தியவை இடப்புறம், பிந்தியவை வலப்புறம்.

இப்போது திண்டுக்கல்லின் மதிப்பை மட்டும் மாற்ற வேண்டும். திண்டுக்கல்லுக்குப் புதிய கட்டம் ஒன்று. அதைச் சுட்டிக்காட்டப் புதிய கம்பம் ஒன்று. அதைச் சுட்டிக்காட்டப் புதிய தேனி ஒன்று. மூன்றே கட்டங்கள்! புதிய கம்பம் தன் இடக்கையால் பழைய உசிலம்பட்டியையே பிடித்துக்கொள்கிறது. புதிய தேனி தன் வலக்கையால் பழைய மதுரையைப் பிடித்துக்கொள்கிறது. மதுரையோடு பழனியும் மேலூரும் வந்துவிடுகின்றன. நான்கு கட்டங்கள் இரு பட்டியல்களுக்கும் பொது. அவை மாறாதவை என்பதால்தான் அச்சமின்றிப் பகிர்ந்துகொள்ள முடிகிறது.

சாவிகள் பெருகப் பெருக இலாபமும் பெருகும். கிளைகள் சமமாக அமைந்த மரத்தில் ஆயிரம் சாவிகள் இருந்தால் சுமார் 10 கட்டங்களும், பத்து லட்சம் இருந்தால் சுமார் 20 கட்டங்களும் புதிதாகச் செய்தால் போதும். 1980களில் டார்ஜன் முதலிய அமெரிக்க அறிஞர்கள் பழைய நிலை அழியாத இத்தகைய அமைப்புகளை விரிவாக ஆராய்ந்தார்கள். 1998இல் கிறிஸ் ஒகசாக்கி சார்பு மொழிகளுக்கு ஏற்ற அமைப்புகளைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

இன்னொரு நன்மையும் உண்டு. தேனியை மாற்றிவிட்டுக் கம்பத்தை மாற்றும் முன் ஒருவர் பட்டியலைப் படித்தால் என்ன ஆகும்? சிலேட்டு முறையில் பாதி பழையதும் பாதி புதியதுமாகக் கிடைக்கும். சுட்ட கல் முறையிலோ, எல்லா மாற்றங்களும் முடிந்த பிறகே புதிய பட்டியலை வெளியிடலாம். படிப்பவர் கையில் முழுப் பழையது இருக்கும், அல்லது முழுப் புதியது இருக்கும்.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். பழைய பட்டியலை யாரும் பிடித்துக்கொண்டிராவிட்டால், நினைவகத்தில் இடம் வேண்டிக் கணிப்பொறி அதை நீக்கிவிடும். பட்டியல்தோறும் ஆண்டைக் குறித்துப் பத்திரப்படுத்துவது நம் பொறுப்பு. கணிப்பொறியை நிறுத்திய பிறகும் அவை வேண்டுமென்றால், கோப்பிலும் எழுதி வைக்க வேண்டும். ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் தவறான அளவீட்டை ரப்பரால் அழிக்காமல், படிக்கும்படியாக ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் புதியதை எழுதச் சொல்கிறோமே, அதுவும் இதே கருத்துத்தான். இன்றைய விடை எது என்பது மட்டுமல்ல, அன்றைய விடை எது என்பதும் ஒருநாள் ஒருவருக்குத் தேவைப்படும்.

நீங்களே செய்து பாருங்கள்

1985ஆம் ஆண்டு மாற்றத்தில் திண்டுக்கல், பழனி இரண்டையும் மாற்ற வேண்டும். 1980ஆம் ஆண்டு மரத்திலிருந்து தொடங்கி இரண்டையும் மாற்றுங்கள். இறுதி மரத்தில் எத்தனை கட்டங்கள் புதியவை? பழைய மரத்தோடு பொதுவாக நிற்கும் ஊர்கள் எவை?

விடை: புதியவை ஐந்து. பொதுவானவை உசிலம்பட்டியும் மேலூரும்.