காலாவதி மருந்தும் நமது கடமையும்

மருந்து வணிகத்தில் இருக்கும் உறுப்பினர்களுக்கு மட்டுமன்றி, வீட்டில் மருந்து உபயோகிக்கும் அனைத்து வணிக அன்பர்களுக்கும் பயன்படும் என்று கருதி இதை எழுதுகிறேன்.

அரிசியில் வண்டு விழுந்தால் புடைத்து விற்கலாம். பருப்பு பழசானால் மாட்டுத் தீவனத்துக்குப் போகும். மருந்துக்கு மட்டும் அந்த வழியில்லை. தேதி முடிந்ததும் அதன் மதிப்பு பூஜ்யம். அதை முறைப்படி அழிக்கவும் பணம் செலவாகும். ஆகவே யாரும் அதைத் தன் பொறுப்பாக நினைப்பதில்லை. சத்தமில்லாமல் குப்பையில் போட்டுவிடுவதே சுலபமாகத் தோன்றுகிறது. ஆனால் குப்பையில் போட்ட மருந்து குப்பையிலேயே இருந்துவிடுவதில்லை.

2010-ஆம் ஆண்டு மார்ச் மாதம் சென்னையில் வெளியான விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். காலாவதியான மருந்துகளைச் சேகரித்து, பழைய தேதியை அழித்துப் புதுத் தேதி அச்சிட்டு மீண்டும் கடைகளுக்கு அனுப்பிய கும்பல் பிடிபட்டது. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் கொட்டப்பட்ட மருந்துகளும் அதில் இருந்ததாக அன்றைய பத்திரிகைகள் எழுதின. பிரிக்காத அட்டையும் உடையாத பாட்டிலும் குப்பைக்குப் போனால், அதே சரக்கு நமது கடைக்கே திரும்பி வரலாம் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டியதில்லை.

தேதி மாற்றுபவர் இல்லாவிட்டாலும் ஆபத்து குறையாது. குப்பையைக் கிளறும் குழந்தை வண்ண மாத்திரையை மிட்டாய் என்று எண்ணும். ஆடு மாடுகள் பையோடு தின்னும். சாக்கடையில் ஊற்றிய மருந்து நீர்நிலைக்குப் போய்ச் சேரும். ஆன்டிபயாடிக் மருந்து மண்ணிலும் நீரிலும் கலந்தால், கிருமிகள் அதற்குப் பழகி, பிறகு அந்த மருந்துக்குக் கட்டுப்படாமல் போகும் அபாயம் உண்டு.

கடைக்காரர் செய்ய வேண்டியவை

அட்டையில் மாதமும் வருடமும் மட்டும் இருந்தால், அம்மாதத்தின் கடைசி நாள் வரை அந்த மருந்தை உபயோகிக்கலாம் என்று பொருள். அதற்குப் பிறகு அதை விற்கவும் கூடாது, விற்பனைச் சரக்கோடு வைத்திருக்கவும் கூடாது. 1945-ஆம் வருடத்து மருந்து விதிகளில் 65-ஆம் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்திருந்தால், அது போகும் வரை வைத்திருக்க அதே விதி அனுமதிக்கிறது. ஆனால் விற்பனைச் சரக்கிலிருந்து பிரித்து, பெட்டியில் போட்டு, மேலே ‘விற்பனைக்கு அல்ல’ என்று பெரிதாக எழுதி வைத்திருக்க வேண்டும். வெறும் அட்டைப் பெட்டியில் போட்டு மேசைக்கு அடியில் தள்ளி வைப்பது, சோதனைக்கு வரும் மருந்து ஆய்வாளரிடம் நாமே மாட்டிக்கொள்வதாகும்.

சில்லறைக் கடையிலிருந்து ஸ்டாக்கிஸ்டுக்கும், அவரிடமிருந்து கம்பெனியின் டிப்போவுக்கும் எக்ஸ்பைரி சரக்கு திரும்பிப் போகும் வழி நமது தொழிலில் நெடுநாளாக இருக்கிறது. பேட்ச் நம்பர், தேதி, எண்ணிக்கை எழுதிய பட்டியலுடன் அனுப்பினால் கிரெடிட் நோட் வரும். ஜி.எஸ்.டி. வந்த பிறகு எழுந்த சந்தேகத்துக்கு 2018 அக்டோபரில் சுற்றறிக்கை வந்தது. கிரெடிட் நோட் மூலமாகவோ, புதிய விற்பனை போல் பில் போட்டோ திருப்பலாம் என்று அதில் விளக்கம் தரப்பட்டது. உங்கள் கணக்குக்கு எது பொருந்தும் என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிக்கல் வருவது கம்பெனி எடுக்க மறுக்கும் சரக்கில்தான். ‘கெடு தாண்டிவிட்டது’, ‘வெட்டிய அட்டையை எடுப்பதில்லை’ என்று பட்டியலைத் திருப்பி அனுப்புகிறார்கள். நஷ்டம் சிறு கடைக்காரர் தலையில் விழுகிறது. அப்போதுதான் குப்பைத் தொட்டி கண்ணில் படுகிறது. அந்தச் சரக்கை உயிரி மருத்துவக் கழிவை எரிக்கும் அங்கீகாரம் பெற்ற பொது நிலையத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். காலாவதி மருந்தை மஞ்சள் பையில் பிரித்து, கம்பெனிக்கு அனுப்பவோ எரிஉலையில் அழிக்கவோ வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகள் கூறின. புற்றுநோய் மருந்துகளை 1200 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் எரிக்க வேண்டும் என்றும் அவை கூறின. கடைக்குப் பின்னால் காகிதத்தோடு கொளுத்தும் தீயில் அந்த வெப்பம் வராது. நச்சுப் புகைதான் வரும். இன்ஹேலர், ஸ்பிரே டப்பாக்கள் தீயில் வெடிக்கும்.

இவ்வளவு தொல்லைக்கும் முதல் மருந்து, சரக்கைத் தேங்க விடாமல் இருப்பது. முதலில் காலாவதி ஆகக்கூடியதை முன் வரிசையில் வையுங்கள். மூன்று மாதத்தில் முடியப் போவதை மாதா மாதம் எழுதி எடுத்து, கெடுவுக்குள் ஸ்டாக்கிஸ்டிடம் சேருங்கள். அட்டையை வெட்டும்போது பேட்ச் நம்பரும் தேதியும் உள்ள பகுதி கடைசி வரை நிற்கும்படி மறுமுனையிலிருந்து வெட்டுங்கள். ‘நிறைய எடுத்தால் ஆஃபர்’ என்ற ஆசையில் மூன்று மாதம் ஓடும் சரக்கை ஒரு வருடத்துக்கு வாங்காதீர்கள்.

வீட்டில் உள்ள மருந்துகள்

நோயாளி இறந்துவிட்டாலோ, டாக்டர் மருந்தை மாற்றினாலோ, மீதி மருந்து வீட்டில் தங்கிவிடுகிறது. ஒரு முறை வயதான அம்மாள் ஒருவர் பை நிறைய மாத்திரையுடன் என்னிடம் வந்தார். ‘அவர் போயிட்டாருங்க ஐயா, தேதி இன்னும் இருக்கு, ஏழைபாழைக்குக் கொடுங்க’ என்றார். அவருடைய நல்ல மனத்துக்கு வணக்கம். ஆனால் ஒரு வீட்டுக்குப் போய் வந்த மருந்து வெயிலில் இருந்ததா, ஈரத்தில் இருந்ததா என்பது யாருக்கும் தெரியாது. அதை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. இதை அன்பாக எடுத்துச் சொல்வதும் நமது வேலைதான்.

வீட்டில் சேரும் காலாவதி மருந்து, ஊசி, தெர்மாமீட்டர் ஆகியவற்றை வீட்டு அபாயக் கழிவு என்று 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள் வகைப்படுத்தின. எனவே சமையல் கழிவோடு சேர்க்காமல், தனிப் பையில் கட்டி, இன்னதென்று சொல்லித் துப்புரவுப் பணியாளரிடம் கொடுக்க வேண்டும். அதற்கு வசதி இல்லாத ஊரில், மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து, உபயோகித்த தேயிலைத் தூள், காப்பித் தூள் அல்லது மண்ணோடு கலந்து, இறுகக் கட்டிப் போடலாம். சிரப்பையும் இவ்வாறே மண்ணில் ஊற்றிக் கலக்கலாம். இன்சுலின் ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூட வேண்டும்.

சாக்கடையில் கொட்டக் கூடாது என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டியில் 17 மருந்துகளின் பட்டியல் இருக்கிறது. ஃபென்டனைல், மார்ஃபின், டிரமடால், டேபென்டடால், புப்ரெனார்ஃபின், டயஸபாம் முதலியவை அதில் அடங்கும். இவற்றில் ஒரே ஒரு வேளை மருந்துகூட, வேறொருவர் கைக்குப் போனால் உயிரைப் பறிக்கக்கூடும். ஆகவே திருப்பிக் கொடுக்க வழியில்லாதபோது இவற்றைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விடலாம் என்றார்கள். மற்ற மருந்துகளுக்கு இது பொருந்தாது.

சங்கம் செய்யக்கூடியது

பக்கத்து மாநிலமான கேரளத்தில் 2025-இல் கோழிக்கோடு மாநகராட்சியிலும் உள்ளியேரி ஊராட்சியிலும் ‘என்பிரவுட்’ என்ற திட்டம் தொடங்கினார்கள். வீடுகளில் உள்ள உபயோகமற்ற மருந்தைச் சேகரித்து, எரிஉலைக்கு அனுப்பி அழிப்பதே திட்டம். மேற்படி 2025 வழிகாட்டியும் இத்தகைய திரும்பப் பெறும் ஏற்பாட்டை ஊக்குவிக்கிறது.

நமது சங்கத்துக்கு மூன்று யோசனைகளை வைக்கிறேன். பெரிய மருந்துக் கடைகளில் பூட்டிய பெட்டி ஒன்று வைத்து, வீட்டு மருந்தைச் சேகரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமும் நகராட்சியிடமும் கலந்து பேசி அனுமதி கேட்கலாம். சிறு கடைகளின் எடுபடாத சரக்கை ஒன்றாகச் சேர்த்து, எரிஉலை நிலையத்தோடு சங்கமே ஒப்பந்தம் செய்தால் தலைக்கு ஆகும் செலவு குறையும். எக்ஸ்பைரி சரக்கைக் கெடு காட்டி மறுக்கும் கம்பெனிகளிடம் தனித்தனியாகக் கெஞ்சுவதை விட்டு, சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதலாம். விற்று லாபம் பார்த்தவர்கள் அழிக்கும் செலவில் பங்கு ஏற்பதுதான் நியாயம்.

அடுத்த பொதுக்குழுவில் இதை விவாதப் பொருளாக வைக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன் ஒவ்வொருவரும் இந்த வாரமே அலமாரியைப் பார்த்து, தேதி முடிந்ததைப் பிரித்து, பெட்டியில் போட்டு, மேலே எழுதி வையுங்கள்.