முதலில் பொருள், பிறகு வரையறை

பொருள்நோக்கு நிரலாக்கம் என்றதும் கரும்பலகையில் நான்கு சொற்கள் ஏறிவிடுகின்றன: உறைபொதியாக்கம், அருவமாக்கம், மரபுரிமம், பல்லுருவாக்கம். மாணவர்கள் அவற்றை மனப்பாடம் செய்து தேர்விலும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஒரு சிறு நூலகத்தின் புத்தகக் கணக்கை நிரலாக எழுதச் சொன்னால், எங்கே தொடங்குவது என்று திகைக்கிறார்கள். குறை மாணவர்களிடம் இல்லை, பாடம் நடத்தப்படும் வரிசையில் இருக்கிறது. இந்த நிரலாக்க முறை பிறந்த விதமே அதற்குச் சான்று. 1960களில் நார்வேயின் ஆஸ்லோ நகரில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும், வரிசையும் காத்திருப்பும் நிறைந்த நடப்புகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்க முயன்றார்கள். வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் தனி நிலையும் தனிச் செயலும் தேவைப்பட்டன. அந்தத் தேவையிலிருந்துதான் சிமுலா 67 மொழியின் கிளாஸும் ஆப்ஜெக்டும் வந்தன. சிக்கல் முன்னே வந்தது, இலக்கணம் பின்னே வந்தது.

கற்பிப்பதும் அப்படியே தொடங்கலாம். பைத்தானோடு கூடவே வரும் டர்ட்டில் தொகுதியில் இரண்டு ஆமைகளை உருவாக்கி, ஒன்றை மட்டும் 100 அலகு முன்னே போகச் சொன்னால், மற்றது இருந்த இடத்திலேயே நிற்கும். அதை இடப்பக்கம் 90 பாகை திருப்பி அதே கட்டளையைக் கொடுத்தால், மேல்நோக்கிப் போகும். கட்டளை ஒன்றுதான், ஆனால் ஒவ்வோர் ஆமையும் தன் இடத்தையும் திசையையும் தன்னிடமே வைத்திருப்பதால் விளைவு மாறுகிறது. இதைத் திரையில் கண்டவருக்கு ஆப்ஜெக்ட் என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. உறைபொதியாக்கமும் இப்படித்தான். கணக்கின் இருப்பை நிரலின் எந்த வரியும் நேராக மாற்றலாம் என்று விட்டு, 500 ரூபாய் இருக்கும் கணக்கிலிருந்து 800 ரூபாய் எடுக்கப்படுவதைப் பார்க்கவிட வேண்டும். அதன் பிறகு, பணம் எடுக்கும் வழி ஒன்றே இருக்கட்டும், அது இருப்பைச் சரிபார்க்கட்டும் என்று மாணவரே சொல்வார்.

மரபுரிமத்தில் இன்னும் கவனம் வேண்டும். விலங்கு, அதிலிருந்து நாய் என்ற வழக்கமான உதாரணம் வகைப்படுத்தக் கற்றுக்கொடுக்கிறதே தவிர, நிரல் எழுதக் கற்றுக்கொடுப்பதில்லை. கணிதத்தில் சதுரமும் ஒரு செவ்வகம்தான். ஆனால் செவ்வகத்தின் நீளத்தை மட்டும் மாற்றும் வசதியைச் சதுரமும் மரபாகப் பெற்றால், அது சதுரமாக இருக்காது. பெயரால் உறவு இருந்தால் போதாது, நடத்தையும் பொருந்த வேண்டும்.

மாறியும் மடக்கும் தெரியாதவருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தொடக்கத்தில் கிளாஸ் எழுதச் சொல்லவில்லை, தயாராக இருக்கும் ஆப்ஜெக்டைப் பயன்படுத்தத்தான் சொல்கிறோம். ஆமை சதுரம் வரைய ஒரே கட்டளைகளை நான்கு முறை எழுத நேரும்போது, மடக்கின் தேவையும் அங்கேயே புரிந்துவிடும். தேர்வில் வரையறைதானே கேட்கிறார்கள் என்பார்கள் சிலர். வரையறை வேண்டாம் என்பதல்ல வாதம். கண்டறிந்த ஒன்றுக்குப் பெயராக அது வந்தால் மறக்காது. கேள்வித்தாளும் மாற வேண்டும்: பிழையுள்ள ஒரு கிளாஸைக் கொடுத்துத் திருத்தச் சொல்லும் ஒரே கேள்வி, நான்கு வரையறைகளைவிட மாணவரின் புரிதலைச் சரியாக அளக்கும்.