யப்பானின் டீசல் எஞ்சின்கள்: வகைப்பெயரும் உழைப்பும்

இயந்திரங்களின் வரலாற்றை அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாக எழுதுவது நெடுநாளைய வழக்கம். ஆயின் ஓர் இயந்திரம் எத்தகைய சமூகத் தேவையால் வேண்டப்பட்டது, யாருடைய உழைப்பால் இயங்கியது, யாருடைய உழைப்பை வேண்டாததாக்கியது என்னும் வினாக்களையும் எழுப்பும்போதே அவ்வரலாறு முழுமைபெறும். 1949 முதல் 1987 வரை நிலவிய யப்பானிய தேசியப் புகையிரத நிறுவனத்தின் டீசல் எஞ்சின்கள் எவ்வாறு வகைப்படுத்தப்பட்டன, எவ்வாறு இயக்கப்பட்டன என்பதை இந்நோக்கில் விளக்க முயல்கிறோம். 'எஞ்சின்' என்று நாம் இங்கு குறிப்பது வண்டித்தொடரை இழுக்கும் முழு ஊர்தியை. அதனுள் எண்ணெயை எரித்து வலுவைப் பிறப்பிக்கும் பகுதியைப் 'பொறி' என்போம்.

இவ்வெஞ்சின்களின் பெயர்முறை, நீராவி எஞ்சின்களுக்கென 1928 இல் வகுக்கப்பட்ட முறையின் வழிவந்தது. அம்முறையில் முதலெழுத்து, எஞ்சினை உந்தும் இயக்க அச்சுக்களின் எண்ணிக்கையைச் சுட்டும். ஆங்கில நெடுங்கணக்கின் வரிசைப்படி 'பீ' இரண்டையும், 'சீ' மூன்றையும், 'டீ' நான்கையும், 'ஈ' ஐந்தையும் குறித்தன. 1936 முதல் 1945 வரை நாட்டின் பாதைகளுக்கென 1115 எண்ணிக்கையில் கட்டப்பெற்ற டீ51 நீராவி எஞ்சின் நான்கு இயக்க அச்சுக்களைக் கொண்டது. டீசல் எஞ்சின்களுக்கு இவ்வெழுத்தின் முன்னே மேலுமொரு 'டீ' சேர்க்கப்பட்டது. அது டீசலைக் குறித்தது. இரண்டாம் எழுத்து முன்போலவே அச்சுக்களை எண்ணியது. எனவே டீடீ51 நான்கு இயக்க அச்சுக்களும், டீஈ10 ஐந்தும், டீஎஃப்50 ஆறும் உடைய டீசல் எஞ்சின்களாம்.

எழுத்துக்களையடுத்து வரும் எண்ணின் பொருளோ மாறியது. நீராவி எஞ்சின்களில் 10 முதல் 49 வரையானவை நீரையும் கரியையும் தம்மீதே சுமப்பவை. 50 முதல் மேற்பட்டவை அவற்றைத் தனி வண்டியில் இழுத்துச் செல்பவை. டீசல் எஞ்சின்களில் 10 முதல் 49 வரையான எண்கள் உச்ச வேகம் மணிக்கு 85 கிலோமீற்றருக்கு மேற்படாதவற்றுக்கும், 50 முதல் 89 வரையானவை அதனை மிஞ்சுபவற்றுக்கும், 90 முதல் 99 வரையானவை பரிசோதனை எஞ்சின்களுக்கும் ஒதுக்கப்பட்டன. வகைப்பெயரின் பின்வரும் தொடரெண்ணும் செய்தி தருவதுண்டு. டீடீ51 வகையில் 800 இலிருந்து தொடங்கும் எண்கள், பயணிகள் பெட்டிகளைச் சூடாக்கும் நீராவிக் கொதிகலன் அற்ற, சரக்கு வண்டிக்குரிய எஞ்சின்களைக் குறித்தன.

பொறியின் வலுவையோ அதனை ஆக்கிய நிறுவனத்தையோ விடுத்து, அச்சுக்களின் தொகையைப் பெயரில் முதன்மைப்படுத்தியது ஏன்? எஞ்சினின் பாரம் அச்சுக்களினூடாகவே தண்டவாளத்தில் இறங்குகிறது. சில்லு வழுக்காது இழுக்கும் ஆற்றலும் இயக்க அச்சுக்கள் தாங்கும் பாரத்தையே பொறுத்தது. யப்பானின் பெரும்பாலான பாதைகள் 1067 மில்லிமீற்றர் அகலமுடையவை; கிளைப் பாதைகளின் தண்டவாளங்களும் பாலங்களும் மெலிந்தவை. 65 தொன் நிறையுள்ள டீஈ10 ஐந்து அச்சுக்களில் நின்றமையால் ஒவ்வோர் அச்சும் 13 தொன்னையே சுமந்தது. அதனாற் கிளைப் பாதைகளிலும் அது செல்ல முடிந்தது. ஆகவே அப்பெயர்முறை பாதையைப் பராமரிப்போர், எஞ்சினை ஒதுக்குவோர் ஆகியோரின் நிருவாகத் தேவையிலிருந்து பிறந்ததெனலாம். இலங்கையின் முறை இதனின்றும் வேறுபட்டது. இங்கு 'எம்' என்னும் எழுத்து டீசல்-மின் எஞ்சினையும், 'டபிள்யூ' திரவவழி வலுச்செலுத்தும் எஞ்சினையும் சுட்டுகின்றன. 1979 இல் யப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் இலங்கைக்குக் கட்டியளித்த எஞ்சின் அச்சுக்களால் அன்றி, வலுச்செலுத்தும் முறையால் எம்5 எனப் பெயர்பெற்றது.

வலுச்செலுத்தும் முறை என்பது யாது? டீசல் பொறியைச் சில்லுடன் நேரே பிணைத்தால், நின்ற நிலையிலிருந்து பெரும் பாரத்தை அசைக்க இயலாது. ஆதலின் இடையே ஒரு சாதனம் வேண்டும். 1953 இல் வந்த டீடீ50, 1957 முதல் வந்த டீஎஃப்50 ஆகியவற்றில் பொறி மின்பிறப்பாக்கியைச் சுழற்ற, அம்மின்சாரம் அச்சுக்களிலுள்ள மோட்டார்களை இயக்கியது. 138 எண்ணிக்கையில் கட்டப்பெற்ற டீஎஃப்50 இன் பொறிகள் சுவிற்சர்லாந்தின் சுல்சர், ஜேர்மனியின் எம்.ஏ.என். ஆகிய நிறுவனங்களின் உரிமம் பெற்று ஆக்கப்பட்டவை. மின்முறை பாரமானது, செலவு மிக்கது. அந்நிய உரிமத்திலும் தங்கியிருந்தது.

இச்சூழ்நிலையில் திரவமுறை மேலோங்கியது. இம்முறையில் பொறி ஒரு விசிறியைச் சுழற்றி எண்ணெயை வேகத்துடன் எறிய, எதிரேயுள்ள சுழலி அவ்வெண்ணெயின் உந்தலால் திரும்பிச் சில்லை இயக்கும். டீடீ51 இன் செலுத்தியில் புறப்பாட்டுக்கும், நடு வேகத்துக்கும், உயர் வேகத்துக்குமாக இத்தகைய மூன்று மாற்றிகள் இருந்தன. ஒன்றிலிருந்து எண்ணெயை வடித்து மற்றதில் நிரப்புவதன் மூலம் நிலை மாற்றப்பட்டது. 1958 முதல் 416 டீடீ13 எஞ்சின்களும், 1962 முதல் 649 டீடீ51 எஞ்சின்களும், 1966 முதல் 708 டீஈ10 எஞ்சின்களும் இம்முறையில் கட்டப்பெற்றன. மேற்கு ஜேர்மனியத் தொழில்நுட்பத்தைத் தழுவி 1966 முதல் கட்டப்பெற்ற 40 டீடீ54 எஞ்சின்களோ வலுவைக் கடத்தும் தண்டுகளின் பழுது முதலிய கோளாறுகளால் 1978 அளவில் சேவையிலிருந்து நீங்கின. பிறிதொரு சூழலில் முதிர்ந்த நுட்பம், அதனைப் பேணும் அனுபவம் வேரூன்றுமுன் புகுத்தப்படும்போது நேர்வது இது.

இனி இயக்கும் முறையை நோக்குவோம். டீடீ51 இன் சாரதி இரு பொறிகளுக்கும் நடுவேயுள்ள அறையில் அமர்ந்து, 14 படிகள் கொண்ட கைப்பிடியால் பொறிகளின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தார். பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் சண்டிங் வேலைக்கும் உரிய டீஈ10 இல், முன்னும் பின்னும் நோக்க வசதியாக ஆசனம் பக்கவாட்டில் அமைக்கப்பட்டது. 500 இலிருந்து தொடங்கும் டீடீ51 எஞ்சின்களுட் பெரும்பாலானவற்றில், இணைத்த இரு எஞ்சின்களை ஒரே அறையிலிருந்து இயக்கும் வசதியும் இருந்தது.

நீராவி எஞ்சினில் ஒருவர் செலுத்த, மற்றவர் கரி வார்த்துக் கொதிகலனைக் காத்தார். அது கொடிய உழைப்பு. 1928 இல் ஹொகுரிக்குப் பாதையின் யனகாசே சுரங்கத்தில் எஞ்சினின் புகையால் மூச்சடைத்துப் பணியாளர் மாண்டதும் உண்டு. எனவே புகை ஒழிந்தமை தொழிலாளருக்கும் விடுதலையாக அமைந்திருத்தல் கூடும். ஆயின் டீசல், மின் எஞ்சின்களில் இரண்டாமவர் தேவையில்லை என நிருவாகம் வாதிட்டது. 1967 இல் அது முன்வைத்த 50,000 பேரளவிலான ஆட்குறைப்புத் திட்டத்தில் துணைச் சாரதிகளை நீக்குவது முக்கிய கூறாக இருந்தது. சாரதிகளின் தொழிற்சங்கம் இதனை எதிர்த்து, 1948 முதல் அரசுப் புகையிரத ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை மறுக்கப்பட்டிருந்தபோதும், 1969 வரை தொடர்ந்து போராடியது. இரவில் அயர்வு, சமிக்ஞையைத் தனியே நோக்கும் பளு, வழியிற் பழுது நேருமிடத்துத் துணையின்மை என்பன சங்கத்தினரின் வாதங்கள். ஈற்றில் ஒற்றைச் சாரதி முறையே பரவியது.

1975 டிசெம்பர் 24 இல் ஹொக்கைடோவின் யூபாரிப் பாதையில் இறுதி நீராவிச் சரக்கு வண்டி ஓடியது. 1987 ஏப்ரலில் தேசிய நிறுவனம் கலைக்கப்பட்டுப் பல கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டது; அதன் தொடர்ச்சியாக 1990 இல் வேலையிழந்த 1047 தொழிலாளரின் வழக்கு 2010 இலேயே இணக்கத்துக்கு வந்தது. முதலாவது டீடீ51 இன்று உசுயி கணவாய்ப் புகையிரதப் பூங்காவில் பேணப்படுகிறது. 2021 மார்ச்சில் அவ்வகை எஞ்சின்கள் சரக்குக் கம்பனியின் வழமையான சேவையிலிருந்து விடைபெற்றன.

டீ51 இலிருந்து டீடீ51 க்கு வந்தபோது பெயரில் ஓர் எழுத்து கூடியது. எஞ்சின் அறையில் ஓர் ஆள் குறைந்தார். அச்சுக்களைப் பிழையற எண்ணிய பெயர்முறையில் அவ்வாளுக்கு இடமிருக்கவில்லை. உற்பத்திச் சாதனங்களின் வளர்ச்சியால் யார் பயன்பெறுவர் என்பதை உற்பத்தி உறவுகளே தீர்மானிக்கின்றன என்பதற்கு இவ்வரலாறு தக்க சான்றாகும். ஆகவே வகைப்பட்டியல்களைப் பயில்வோர், அவை எண்ணியவற்றோடு எண்ணாது விட்டவற்றையும் சேர்த்தே பயிலுதல் வேண்டும்.