மடக்குக்கத்தி வாங்கும் முன்: எஃகின் பெயரைக் கேட்கும் உரிமை

மடக்குக்கத்தியின் அலகில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று மட்டும் பொறித்து விற்கிறார்கள். நாமும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறோம். ‘அரிசி’ என்று மட்டும் எழுதிய மூட்டையை யாரும் வாங்குவதில்லை. பொன்னியா, இட்லி அரிசியா, பச்சையா, புழுங்கலா என்று கேட்டு, நாலு மணியைக் கையில் அள்ளிப் பார்த்த பிறகுதான் காசை எடுக்கிறோம். கத்திக்கு மட்டும் அந்தக் கேள்வி எழுவதில்லை. மணியாச்சி, கடம்பூர், கயத்தாறு, எட்டயபுரம், கோவில்பட்டி என்று விரியும் கரிசல் பூமியில் மடக்குக்கத்தி அன்றாட வேலைக் கருவி. உர மூட்டையின் தையலைப் பிரிக்க, சணல் கயிற்றை அறுக்க, சொட்டுநீர்க் குழாயை நறுக்க, செருப்பில் ஏறிய சீமைக்கருவேல முள்ளை நோண்டி எடுக்க, மதியச் சோற்றுக்கு ஒரு மாங்காயைக் கீற என்று அதற்கு நாள் முழுக்க வேலை உண்டு. அந்த வேலைக்கும், வீட்டில் கிடக்கும் சாணைக்கல்லுக்கும் அடங்குகிற எஃகே நமக்கு நல்ல எஃகு. கையிலிருப்பது என்ன எஃகு என்று கேட்டுத் தெரிந்துகொள்வது வாங்குபவரின் சட்ட உரிமை. இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால்தான் ஏமாறாமல் இருக்க முடியும்.

எஃகு என்பது இரும்போடு சிறிதளவு கார்பன் சேர்ந்தது. அலகைக் கடினமாக்குவது அந்தக் கார்பன்தான். குரோமியம் 10.5 சதவீதத்தைத் தாண்டும்போது எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் உண்டாகி, துருவைத் தடுக்கிறது. அதற்குத்தான் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று பெயர். துரு எளிதில் பிடிக்காது என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் செய்தி எதுவும் இல்லை. கூர் எத்தனை நாள் நிற்கும் என்று அது சொல்வதில்லை. நம் வீட்டுத் தரமான தட்டிலும் டம்ளரிலும் புழங்குவது 304 என்ற வகை: குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம், கார்பன் மிகச் சொற்பம். அதை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கத்திக்குரிய கடினம் வராது. பாத்திரக்கடையில் காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு என்று வாங்கும் பழக்கத்தைக் கத்திக் கடைக்கும் கொண்டுபோகிறவர்கள் உண்டு. அங்கே கணக்கு தலைகீழ். கூர் நிற்கும் எஃகு அலகில் காந்தம் ஒட்டியே ஆகவேண்டும். ஒட்டாத எஃகு அலகைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒட்டிவிட்டதாலேயே தரம் நிச்சயமாகிவிடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மலிவு விலை மடக்குக்கத்திகளில் பெரும்பாலும் வருவது 420 வகை அல்லது அதற்கு நிகரான சீனத்து 3சிஆர்13. கார்பன் சுமார் 0.3 சதவீதம், குரோமியம் சுமார் 13. துருவுக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் கூர் சீக்கிரம் மழுங்கும். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் கத்திகளில் கார்பன் ஏறத்தாழ 0.5, குரோமியம் 15. கடினம் ராக்வெல் அளவில் 56 வரை. பிரான்சின் ஓபினெல் தன் துருப்பிடிக்காத கத்திகளுக்கு எடுத்துக்கொள்வது ஸ்வீடனின் 12சி27 வகையை: கார்பன் 0.6, குரோமியம் 13.5. சீனத்து 8சிஆர்13எம்ஓவி-யில் கார்பன் 0.8 சதவீதம் வரை போகும். டி2 என்பது அச்சுகளும் வெட்டுக் கருவிகளும் செய்யும் எஃகு: கார்பன் 1.5, குரோமியம் 12. கூர் நெடுநாள் நிற்கும். குரோமியத்தின் பெரும்பங்கு கார்பனோடு பிணைந்துவிடுவதால் துருவுக்கு முழுப் பாதுகாப்பு இல்லை. 440 என்ற எண்ணை மட்டும் பொறித்த அலகுகளைக் கவனித்துப் பார்க்க வேண்டும். அதில் ஏ, பி, சி என மூன்று வகை. ஏ-யில் கார்பன் 0.60 முதல் 0.75 வரை, சி-யில் 0.95 முதல் 1.20 வரை. கடைசி எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பொறித்தால், வாங்குபவர் அதைச் ‘சி’ என்று எண்ணிக்கொள்ள இடம் கிடைக்கிறது. ஒரே ஒரு எழுத்தில் கார்பன் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மாறுகிறது. கேட்டு வாங்கும் உரிமை எதற்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

எஃகின் பெயர் தெரிந்தாலும் பாதிக் கதைதான் தெரியும். மீதி தோய்ச்சலில் இருக்கிறது. சாதாரணக் கார்பன் எஃகைச் சுமார் 800 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சி, எண்ணெயிலோ தண்ணீரிலோ சட்டென்று ஆற்றினால் கடினமாகும்; ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையும் வந்துவிடும். மறுபடி ஏறத்தாழ 200 பாகை இளஞ்சூட்டில் வைத்து அந்த முறுக்கைத் தணித்தால்தான் அலகு வேலைக்கு ஆகும். இது பிசகினால் உயர்ந்த எஃகும் தகரம்தான். இது சரியாக அமைந்தால் நடுத்தர எஃகும் நன்றாக உழைக்கும். வாங்கிய பிறகும் தோய்ச்சலைக் கெடுக்க முடியும். சுழலும் சாணைச் சக்கரத்தில் தண்ணீர் தொடாமல் அலகை அழுத்திப் பிடித்தால், விளிம்பில் முதலில் வைக்கோல் நிறம் ஓடும், பிறகு ஊதா, பிறகு நீலம். சாதாரண எஃகில் நீலம் என்றால் சூடு 300 பாகையைத் தொட்டுவிட்டது, அந்த இடத்தில் தோய்ச்சல் இறங்கிவிட்டது என்று பொருள். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் அந்த விரற்கடை அளவு மட்டும் நாலு வெட்டுக்குள் மழுங்கும். சாணை பிடிப்பவரிடம் அடிக்கடி தண்ணீரில் நனைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நீலம் ஏறிய அலகை ‘நல்லாத் தீட்டிருக்கு’ என்று வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இதற்கு ஒரு மறுப்பு நம் ஊரிலேயே தயாராக இருக்கிறது: லாரிப் பட்டையில் நம் பட்டறை ஆசாரி அடித்துத் தரும் கத்திக்கு இந்தப் பெயர்களெல்லாம் ஈடாகுமா என்பது அது. பாதி நியாயம். லாரியின் வில்பட்டை சிலிக்கன், மாங்கனீசு சேர்ந்த, கார்பன் 0.5 முதல் 0.6 வரை உள்ள நல்ல எஃகு. அடி தாங்கும், எளிதில் உடையாது. அரிவாளுக்கும் வெட்டுக்கத்திக்கும் அதைவிடப் பொருத்தமானது அபூர்வம். மடக்குக்கத்தியின் வேலை வேறு. அதன் அலகு மெல்லியது, அடி வாங்குவது குறைவு, கைப்பிடிக்குள் மடங்கிக் கிடக்கும்போது வியர்வையும் பழச்சாறும் உள்ளேயே தங்கிவிடும். குரோமியம் இல்லாத பட்டை அங்கே சுழலும் ஆணியைச் சுற்றித் துருவேறி, ஒருநாள் திறக்காமல் போகும். மாங்காயும் எலுமிச்சையும் பட்டால் அலகு கறுக்கும். ஆகவே ஆசாரியின் எஃகு தாழ்ந்தது என்று சொல்ல வரவில்லை. மடங்குகிற கத்திக்கு அது துடைத்து எண்ணெய் போடும் பழக்கம் உள்ளவர் கையில் மட்டுமே சரிவரும்.

இன்னொரு மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: விலை உயர்ந்ததே சிறந்தது, எனவே பொடி உலோக முறையில் செய்த எஸ்30வி போன்ற எஃகை வாங்கினால் கவலையே இல்லை என்று. அதில் வனேடியம் 4 சதவீதம். அது கார்பனோடு சேர்ந்து உண்டாக்கும் நுண்துகள்கள் சாதாரண அலுமினிய ஆக்சைடுக் கல்லைவிடக் கடினமானவை. கூர் வெகுநாள் நிற்பது அதனால்தான். வீட்டுக் கல்லில் லேசில் தீட்ட முடியாமல் போவதும் அதனால்தான். வைரப்பொடி பதித்த தட்டு வேண்டும். இப்பகுதிப் பனையேறிகள் பாளை அரிவாளை வேலைக்கு முன் தீட்டித் தீட்டியே சவரக்கத்திபோல் வைத்துக்கொள்கிறார்கள். மழுங்காத எஃகைத் தேடுவதைவிட, கைக்கு எட்டிய கல்லில் கூர் திரும்பும் எஃகை வைத்துக்கொள்வதே உழைக்கும் கைகளின் நடைமுறை. நகரத்துக் கடையின் விலைச்சீட்டைவிட இந்த நடைமுறை நம்பத் தக்கது.

ஆக எதை வாங்குவது? வாஞ்சி மணியாச்சி சந்திப்பிலிருந்து ஒரு பாதை தூத்துக்குடிக்குப் பிரிகிறது. அந்தப் பக்கம் உப்பளம், உப்புக்காற்று, மீன்வேலை; அங்கே கூர் கொஞ்சம் முன்பின் நின்றாலும் துருத் தாங்கும் எஃகே முதன்மை. உப்பு ‘ஸ்டெயின்லெஸ்’ படலத்தையும் புள்ளிபுள்ளியாக அரிக்கும் என்பதால், அங்கே புழங்கும் கத்தியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பதும் கட்டாயம். கோவில்பட்டிப் பக்கம் ஆண்டில் பெரும்பகுதி வறண்ட காற்று. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில்தான் துருவின் தொல்லை. இங்கே கார்பன் 0.5 முதல் 0.8 வரையும், குரோமியம் 13 முதல் 15 வரையும் உள்ள எஃகு, ராக்வெல் 56 முதல் 58 வரை தோய்ச்சல் உள்ள அலகு, வீட்டுக் கல்லில் தீட்டக்கூடியது என்ற மூன்றும் சேர்ந்தால் போதும். டி2 வாங்குகிறவர் வேலை முடிந்ததும் துடைத்து, சொட்டு எண்ணெய் தடவும் பொறுமை உள்ளவராக இருக்க வேண்டும்.

அலகில் அலையலையாகக் கோலம் போட்டு ‘டமாஸ்கஸ்’ என்று விற்பதில் தனி எச்சரிக்கை தேவை. பழைய டமாஸ்கஸ் வாள்களோடு சேர்த்துப் பேசப்படும் ‘ஊட்ஸ்’ எஃகு தென்னிந்தியாவின் மூசை உருக்கு. அந்தப் பெயரே ‘உக்கு’ என்ற சொல்லின் திரிபு, தமிழின் ‘உருக்கு’க்கு உறவு. நம் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த இரும்புப் பொருள்களின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாகத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் ஆய்வறிக்கை வெளியிட்டது. அப்படிப்பட்ட மண்ணில், சாதாரண 420 தகட்டில் லேசராலோ அமிலத்தாலோ வரைந்த கோலத்தைப் பாரம்பரியம் என்று விலை ஏற்றி விற்பது இரட்டை ஏமாற்று. உண்மையான அடுக்கு எஃகில் கோலம் அலகின் முதுகிலும் தொடர்ந்து ஓடும். வரைந்த கோலம் பக்கவாட்டோடு நின்றுவிடும்.

கத்தியைப் பயன்படுத்துவதில் உள்ள ஆபத்துகளில் முதலாவது, கூர் இல்லாத கத்தி. அதை அழுத்தி வெட்ட வேண்டியிருப்பதால் அது வழுக்கி விரலுக்கு வரும். இரண்டாவது, பூட்டில்லாத கத்தியால் குத்துவதும் நெம்புவதும். அலகு மடங்கி விரலில் இறங்கும். மூன்றாவது, ‘துருப்பிடிக்காத கத்தி, ஊசி வேண்டாம்’ என்ற நினைப்பு. வில்வாத ஜன்னி என்ற டெட்டனஸ் துருவால் வருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமியால் வருகிறது. காட்டு வேலையில் வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் தடுப்பூசி பற்றிக் கேட்டுவிடுவதே சரி.

சட்டத்தின் பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டும் வடிவமைத்த பொருளை ஆயுதம் என்று கொள்வதில்லை. 2016 விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத் தனி வகையில் வைக்கின்றன. வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கானவை அதில் சேரா. ‘9 அங்குலத்துக்குள் இருந்தால் யாரும் கேட்க முடியாது’ என்று இதைப் புரிந்துகொள்வது தவறு. டெல்லியில் 1980 அறிவிக்கை, பொத்தானாலோ சுருள்வில்லாலோ திறக்கும் கத்தியை அலகு 7.62 சென்டிமீட்டர் நீளத்திலிருந்தே, அகல வரம்போடு சேர்த்து, கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருகிறது. தென்மாவட்டங்களில் நடந்த கொலைகளை ஒட்டி 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை, அரிவாளும் கத்தியும் வாங்குவோரின் விவரத்தைப் பதிவுசெய்யும்படி பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் அறிவுறுத்தியது. எனவே பொத்தான் கத்தியைத் தவிர்த்து, ரசீதைப் பத்திரமாக வைத்து, கத்தியை வேலைப் பையில் மட்டும் கொண்டுசெல்லுங்கள். கோயில் கொடைக்கும் கூட்டத்துக்கும் கொண்டுபோகாதீர்கள். தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்தில் விமானம் ஏறுகிறவர்கள் அதைக் கைப்பையில் வைக்கக் கூடாது. கைது என்று வந்தால் காரணத்தைக் கேட்கவும் வழக்கறிஞரைக் கலக்கவும் அரசியலமைப்பு உரிமை தந்திருக்கிறது. இலவசச் சட்ட உதவிக்கு 15100.

ஏமாற்றத்துக்குத் தீர்வும் உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, தூய்மை, விலை ஆகியவற்றை அறியும் உரிமையைத் தருகிறது. இணைய விற்பனை விதிகளின்படி (2020) பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று காட்ட வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது. வாங்கும் முன் விளம்பரத்தில் எஃகின் பெயர் உள்ள பக்கத்தைப் படம் பிடித்து வைப்பது பின்னால் சான்றாகும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். வாங்கியது டெல்லிக் கடையில் என்றாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். பொருளின் மதிப்பு 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. தேவைப்பட்டால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

சில நூறு ரூபாய்க் கத்திக்கு இவ்வளவு அலைச்சலா என்று கேட்கலாம். ஒருவருக்கு அது சில நூறுதான். பெயரில்லாத எஃகை விற்பவருக்கோ அது ஆயிரக்கணக்கான கத்திகள். கேள்வி வராதவரை அவர் பெயரைப் பொறிக்க வேண்டிய தேவை எழாது. வழக்குக்குப் போவதற்கு முன்னால் செய்யக்கூடியதும், செலவே இல்லாததும் ஒன்று இருக்கிறது. அடுத்த முறை கடையில் மடக்குக்கத்தியைக் கையில் எடுக்கும்போது, “இது என்ன எஃகு? பில்லில் எழுதித் தருவீர்களா?” என்று கேளுங்கள். எழுதித் தருகிற கடையில் வாங்குங்கள். தர மறுக்கிற கடையில் கத்தியை வைத்துவிட்டு வாருங்கள்.