மாதம் 90 ரூபாய் பிடித்தார்கள். எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை!
கசங்கிய சம்பளச் சீட்டு உயிரைக் காப்பாற்றியது

பருத்திப்பட்டு,

மூச்சு விட முடியாமல் தவித்த வெளிமாநில வாலிபர் ஒருவருக்கு, சட்டைப் பையில் கசங்கிக் கிடந்த சம்பளச் சீட்டு ஆஸ்பத்திரி கதவைத் திறந்துவிட்டது. சீட்டைப் படித்துச் சொன்னவர் டாக்டரும் அல்ல, வக்கீலும் அல்ல. வீட்டுக்காரர்!

கொரோனா இரண்டாவது அலை அடித்த 2021 மே மாதம் நடந்தது இது. படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் சென்னை அல்லாடிய நாட்கள் அவை.

ஒரே அறையில் 5 பேர்

பூந்தமல்லி-ஆவடி சாலையில் பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டி உள்ளே போனால் சின்னச் சின்ன வாடகை வீடுகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒரு அறையில் பீகார்க்காரர்கள் 5 பேர். காலையில் ஆவடியில் ரெயில் ஏறி பட்டரவாக்கத்தில் இறங்குவார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை.

அந்த 5 பேரில் ஒரு வாலிபருக்கு வயது 24. லேத் பட்டறையில் 2 வருஷமாக வேலை. சம்பளம் 12 ஆயிரம் ரூபாய்.

3 நாள் காய்ச்சல். நாலாவது நாள் மூச்சு வாங்கியது. நண்பர்கள் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"50 ஆயிரம் முன்பணம் கட்டுங்கள்" என்று கவுண்டரில் சொன்னார்கள்.

5 பேர் பையையும் தட்டிப் பார்த்தார்கள். 14 ஆயிரம் தேறியது. அதே ஆட்டோவில் திரும்பி விட்டார்கள்.

"கார்டு இருக்கா?"

வாசலில் நின்ற வீட்டுக்காரர், ஆவடி டேங்க் பாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இன்சூரன்ஸ் கார்டு இருக்கா?"

"இல்லை ஐயா. எங்களுக்கு யார் கொடுப்பாங்க?" என்றார் நண்பர்.

"சம்பளச் சீட்டு இருந்தா எடு."

சட்டைப் பையிலிருந்து சீட்டு வந்தது. வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். கடைசிக்கு முந்தின வரி: இ.எஸ்.ஐ. - 90.

"அடப்பாவி! 2 வருஷமா பணம் கட்டிக்கிட்டு இருக்கியேப்பா!" என்று கத்தியே விட்டார்.

பட்டறை ஆபீசுக்குப் போன் பறந்தது. அங்கே இருந்த குமாஸ்தா பைலைப் புரட்டி 10 இலக்க எண் ஒன்றைப் படித்தார். சுவரில் இருந்த காலண்டரிலேயே அதை எழுதிக்கொண்டார்கள். 108 ஆம்புலன்ஸ் வந்தது. கே.கே.நகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வாசலில் 3 மணி நேரம் காத்திருந்து படுக்கை கிடைத்தது. 9 நாள் கழித்து வாலிபர் நடந்தே வெளியே வந்தார். பில் கிடையாது.

துபாய் தந்த பாடம்

வீட்டுக்காரருக்கு மட்டும் அந்தக் கேள்வி எப்படித் தோன்றியது? அதையும் விசாரித்தோம். அவர் கூறியதாவது:-

"என் பையன் துபாயில வேலை பார்த்தான். அங்கே ஆஸ்பத்திரிக்குள்ள கால் வச்சா, பேர் கேட்கிறதுக்கு முன்னாடி கார்டு எங்கேன்னு கேட்பாங்களாம். முதலாளிதான் அதுக்குப் பணம் கட்டணுமாம். 2020-ல கம்பெனி ஆளைக் குறைச்சப்ப பையன் போன் பண்ணி, 'வேலை போனா கார்டும் போயிடும்பா, கொரோனா வந்தா என்ன செய்றதுன்னு தெரியலை'ன்னு அழுதான். அப்ப எனக்கு வயித்தைக் கலக்குச்சு. இந்தப் பசங்களைப் பார்த்ததும் அந்த ஞாபகம்தான். இவனுங்களும் ஒருத்தர் வீட்டுப் பிள்ளைங்கதானே?"

அவர் சொன்னது சரிதான். துபாயில் 2013-ம் ஆண்டு சட்டப்படி, வெளிநாட்டுத் தொழிலாளிக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பது முதலாளியின் பொறுப்பு. 2025 ஜனவரி 1-ந்தேதி முதல் ஐக்கிய அரபு நாடு முழுவதும் இது கட்டாயம். சிங்கப்பூரிலும் இப்படித்தான். அங்கே குறைந்தபட்சக் காப்பீடு 15 ஆயிரம் வெள்ளியாக இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு, 2023 ஜூலையில் 60 ஆயிரம் வெள்ளியாக உயர்த்தினார்கள்.

ஆனால் வேலையோடு வந்த கார்டு வேலையோடு போய்விடும் என்பது பெரிய ஓட்டை. பெருந்தொற்று நேரத்தில் அயல்நாட்டில் இருந்த நம் ஆட்களை அதிகம் பயமுறுத்தியது இதுதான்.

அந்தப் பையன் 2020-ல் 'வந்தே பாரத்' சிறப்பு விமானத்தில் ஊர் திரும்பினார். கையில் வேலை இல்லை, கார்டும் இல்லை. அந்த ஜூலை 10-ந்தேதி முதல் எல்லாக் கம்பெனிகளும் 'கொரோனா கவச்' பாலிசி விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட்டிருந்தது. 50 ஆயிரம் முதல் 5 லட்சம் வரை காப்பீடு. மூன்றரை, ஆறரை, ஒன்பதரை மாதம் என மூன்று வகை. ஒரே தடவை பணம் கட்டினால் போதும். ஆனால் முதல் 15 நாளுக்குள் நோய் வந்தால் பணம் கிடைக்காது. பையனுக்கு அதில் ஒன்றை எடுத்தார் அப்பா. அந்தப் பாலிசி இப்போது விற்பனையில் இல்லை.

90 ரூபாய்க்கு என்ன கிடைக்கும்?

இனி நம்ம ஊர் கதைக்கு வருவோம்.

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், மாதம் 21 ஆயிரம் ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. தமிழரா, பீகாரியா, ஒடிசாக்காரரா என்ற பேச்சே கிடையாது.

2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு நூற்றுக்கு 75 காசு. முதலாளி பங்கு மூன்றேகால் ரூபாய். 12 ஆயிரம் சம்பளம் என்றால் தொழிலாளி 90 ரூபாய், முதலாளி 390 ரூபாய்.

இதற்கு, தொழிலாளிக்கும் அவரை நம்பி இருக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம். குடும்பம் சொந்த ஊரில் இருந்தால் அங்கேயும் பார்த்துக்கொள்ளலாம். படுத்துவிட்டால் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள் வரை கிடைக்கும். இதற்கு மட்டும் 6 மாத தவணையில் 78 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும்.

இன்னொரு முக்கிய விஷயம். வேலை போன மறுநாளே இந்தக் கார்டு செத்துப்போவது இல்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய பணத்துக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை.

கொரோனாவில் இறந்த தொழிலாளி குடும்பத்துக்கு, சராசரி தினக்கூலியில் 90 சதவீதத்தை மாதாமாதம் தரும் தனித்திட்டமும் 2021 ஜூனில் வந்தது.

இத்தனையும் இருந்தும் அந்த அறையில் இருந்த 5 பேரில் ஒருவருக்குக்கூட தன் எண் தெரியாது. "பணம் புடிச்சாங்க. கேட்டா வேலை போயிடும்னு பயம் அண்ணே" என்றார் அந்த வாலிபர் நம்மிடம். இப்போது தமிழ் நன்றாகவே பேசுகிறார்.

டீக்கடைப் பையனுக்கு?

10 பேர் இல்லாத கடையில் வேலை செய்கிறவர் என்ன செய்வது?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. பணம் கட்ட வேண்டாம். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைத்தியம். உள்ளூர்க்காரர்களுக்கு ஆண்டு வருமான வரம்பு ரூ.1 லட்சத்து 20 ஆயிரம். கிராம நிர்வாக அதிகாரியிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உள்ள மையத்தில் பதிய வேண்டும். பருத்திப்பட்டுக்காரர்களுக்கு திருவள்ளூர்.

வெளிமாநிலத் தொழிலாளியும் இதில் சேரலாம் என்பது பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் 6 மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும். தொழிலாளர் துறை அதிகாரியின் பரிந்துரை வேண்டும். அவ்வளவுதான்.

2021 மே 7-ந்தேதி முதல்-அமைச்சராகப் பதவியேற்ற மு.க.ஸ்டாலின் முதலில் கையெழுத்துப் போட்ட 5 உத்தரவுகளில் ஒன்று, தனியார் ஆஸ்பத்திரி கொரோனா சிகிச்சைச் செலவை இந்தத் திட்டத்தில் அரசே ஏற்கும் என்பது.

வருமானம் வரம்பைத் தாண்டுகிறது, இ.எஸ்.ஐ.யும் இல்லை என்று இடையில் மாட்டிக்கொண்ட குமாஸ்தாக்கள், சிறு வியாபாரிகள் எல்லாக் கம்பெனிகளிலும் ஒரே மாதிரி விதிகளோடு இருக்கும் 'ஆரோக்ய சஞ்சீவனி' பாலிசியை விசாரிக்கலாம். பில்லில் நூற்றுக்கு 5 ரூபாய் நம் கையிலிருந்து போகும். தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22-ந்தேதி முதல் நீக்கப்பட்டு விட்டது.

முதலாளிகள் கவனிக்க!

சம்பளத்தில் பிடித்த இ.எஸ்.ஐ. பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொண்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். ஜெயில் தண்டனை உண்டு.

ஒழுங்காகப் பணம் கட்டுகிற முதலாளிகளும் ஒன்றைச் செய்யலாம். எண்ணை ஆபீஸ் பைலிலேயே பூட்டி வைக்காமல், ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி தொழிலாளி கையில் கொடுத்தால் போதும். நடு ராத்திரியில் பட்டறை பூட்டிக் கிடக்கும்போது பைல் பேசாது.

இ.எஸ்.ஐ. விவரம் கேட்க 1800-11-2526. முதலமைச்சர் காப்பீட்டுக்கு 1800-425-3993. இரண்டும் கட்டணம் இல்லாத போன்கள்.

அந்த வாலிபர் இன்னும் அதே அறையில்தான் இருக்கிறார். கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் 5 பெயர்கள், 5 எண்கள். புதிதாக யார் அறைக்கு வந்தாலும் வீட்டுக்காரர் வாடகை பேசுவதற்கு முன்பு கேட்பது ஒன்றுதான்:

"தம்பி, சம்பளச் சீட்டைக் காட்டு!"